பந்தயத்தில் வென்றது, வேலைக்கு ஆகவில்லை: 1851-ன் 'பவேரியா' சரக்கு எஞ்சின்

1851-ல் மியூனிக் நகரத்து மாஃபை தொழிற்சாலை ஆஸ்திரிய அரசு அறிவித்த 20,000 டுகாட் பரிசை வென்றது. டுகாட் என்பது மூன்றரை கிராம் எடையுள்ள தங்க நாணயம். மொத்தக் கணக்கு ஏறத்தாழ 70 கிலோ தங்கம் வருகிறது. பரிசை வாங்கித் தந்தது 'பவேரியா' என்ற ஒற்றை எஞ்சின். செம்மெரிங் மலைப்பாதையில் சரக்கு ரயிலை இழுக்க எந்த எஞ்சின் தகுதியானது என்று நடத்திய போட்டியில் மற்ற மூன்று எஞ்சின்களையும் அது பின்னுக்குத் தள்ளியது. ஆனால் மலைப்பாதை திறந்தபோது அங்கே சரக்கு இழுத்தது பவேரியா இல்லை. அந்த மாதிரியில் இன்னொரு எஞ்சினை யாரும் செய்யவும் இல்லை.

ரயில் வரலாற்றைப் பேசுபவர்கள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. பவேரியாவின் அடிப்படை யோசனை சரியானது. அந்த யோசனையைச் சுமந்த ஒரே ஒரு உறுப்பு அந்தக் காலத்து இரும்புக்குத் தாங்காத ஒன்று. அந்த உறுப்பு எத்தனை நாள் தாங்கும் என்று போட்டியின் விதிகள் கேட்கவே இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

சமவெளி எஞ்சின்களின் காலம்

1851-ல் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பவேரியா, வூர்ட்டம்பெர்க், சாக்சனி, பிரஷ்யா என்று தனித்தனி அரசுகள். ஆஸ்திரியாவும் அவற்றோடு சேர்ந்த ஜெர்மானியக் கூட்டமைப்பில் இருந்தது. 1835 டிசம்பரில் நியூரம்பெர்க்கிலிருந்து ஃபூர்த் வரை முதல் நீராவி ரயில் ஓடியபோது அதை இழுத்த 'ஆட்லர்' இங்கிலாந்தில் ஸ்டீஃபன்சன் தொழிற்சாலையில் செய்து கொண்டுவரப்பட்டது. அந்தப் பாதையில் முதன்முதலாகச் சரக்கு என்று ஏறியது 1836-ல் இரண்டு பீப்பாய் பியர். சரக்கு எஞ்சின் என்று தனியாக ஒன்று தேவைப்படும் நிலைமையே அப்போது இல்லை.

பத்தே ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. நிலக்கரி, தானியம், மரம் எல்லாம் ரயிலுக்கு வந்தன. பயணிகள் எஞ்சினுக்குப் பெரிய சக்கரம் வேண்டும். ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், வேகம் கிடைக்கும். சரக்கு எஞ்சினுக்குச் சிறிய சக்கரம் போதும். பிஸ்டனின் அதே தள்ளு, சிறிய சக்கரத்தின் விளிம்பில் கூடுதல் இழுவிசையாக வரும். அதோடு ஒரே ஒரு அச்சைச் சுழற்றினால் பற்றாது. இரண்டு அல்லது மூன்று அச்சுகளை வெளியே இணைப்புத் தண்டால் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சுழற்ற வேண்டும். இப்படி மூன்று அச்சுகளை இணைத்த எஞ்சின் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஜெர்மன் சரக்கு ரயிலின் சாதாரண முகமாக இருந்தது.

மலையும் அவர்களுக்கு முற்றிலும் புதியது இல்லை. பவேரிய அரசு ரயில்வே 1848-ல் நொய்யன்மார்க்ட்டுக்கும் மார்க்ட்ஷோர்காஸ்ட்டுக்கும் இடையே 'ஷீஃபே எபனே' என்ற சரிவைத் திறந்தது. கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் நீளம், 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். வூர்ட்டம்பெர்க்கில் 1850-ல் கைஸ்லிங்கன் ஏற்றம் திறந்தது. அது கொஞ்சம் மட்டுப்பட்ட சரிவு. இரண்டிலும் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் வைத்துத் தள்ளுவது வழக்கமானது. நம்மூர் ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்று சொல்வார்களே, அதேதான். ஆக 40-க்கு 1 ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தை மட்டும் நம்பி ஏறலாம் என்பது 1851-க்குள் தெரிந்துவிட்டது. செம்மெரிங்கில் புதிதாக வந்த தொல்லை வளைவு.

எஞ்சின் இல்லாமல் போட்ட பாதை

வியன்னாவிலிருந்து தெற்கே க்ளாக்னிட்ஸ் வரை 1842-ல் ரயில் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ம்யூர்ட்சூஷ்லாக்கிலிருந்து கிராட்ஸ் வரை 1844-ல் இன்னொரு பாதை திறந்தது. நடுவில் செம்மெரிங் கணவாய். இந்தப் பக்கம் இறக்கி, குதிரை வண்டியில் ஏற்றி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் மறுபடியும் ரயிலில் ஏற்ற வேண்டும். பேரரசின் தலைநகரத்தையும் அதன் பெரிய துறைமுகமான ட்ரியெஸ்டையும் இணைக்கும் வழியில் இப்படி ஓர் அறுபட்ட இடம்.

இதை இணைக்கும் பொறுப்பு கார்ல் கேகா என்ற பொறியாளரிடம் வந்தது. வெனிஸில் 1802-ல் பிறந்தவர். 1842-ல் அமெரிக்காவுக்குப் போய், அங்கே மலைப் பகுதிகளில் எஞ்சின்கள் எப்படி ஏறுகின்றன என்று நேரில் பார்த்துவிட்டு வந்தவர். கயிறு கட்டி இழுக்கலாம், குழாய்க்குள் காற்றழுத்தத்தால் தள்ளலாம் என்றெல்லாம் அப்போது யோசனைகள் உலவின. கேகா அசையவில்லை. சாதாரணத் தண்டவாளம், சாதாரணச் சக்கரம், நீராவி எஞ்சின் என்று முடிவு செய்து, க்ளாக்னிட்ஸ் முதல் ம்யூர்ட்சூஷ்லாக் வரை 41 கிலோமீட்டருக்குப் பாதை வரைந்தார். அதிகபட்ச ஏற்றம் 40-க்கு 1. மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 190 மீட்டர். 1848-ல் வேலை தொடங்கியது. புரட்சி நடந்த ஆண்டு அது. வேலையில்லாத வியன்னாத் தொழிலாளர்களை நகரத்தை விட்டு அப்புறப்படுத்தவும் இந்தப் பாதை அரசுக்கு உதவியது என்பது தனிக் கதை.

அந்தப் பாதையில் ஓடக்கூடிய எஞ்சின் அன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. கல்பாலங்களும் சுரங்கங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. எதை ஓட்டப் போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. துணிச்சல் என்பதா, அசட்டுத்தனம் என்பதா? விளைவு நன்றாக முடிந்ததால் துணிச்சல் என்று எழுதுகிறோம்.

ஆறு டன் கணக்கு

போட்டியின் முக்கிய நிபந்தனை இது: 140 டன் வண்டியை 40-க்கு 1 ஏற்றத்திலும் 190 மீட்டர் வளைவிலும் மணிக்கு சுமார் 11.4 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். அன்றைய ஆஸ்திரிய அளவில் சொன்னால் 2,500 ஹண்டர்வெயிட், மணிக்கு ஒன்றரை மைல். அவர்களுடைய மைல் 7.6 கிலோமீட்டர். சக்கரம் தண்டவாளத்தின் மேல் தரும் பாரத்துக்கும் வரம்பு உண்டு.

இந்த எண்கள் எஞ்சினிடம் என்ன கேட்கின்றன என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 40-க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னும் 25 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். வண்டி 140 டன், எஞ்சினும் அதற்குத் தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் டெண்டர் வண்டியும் 60 டன் என்று வைத்தால் 200 டன். ஏற்றத்துக்கு மட்டும் 5 டன் இழுவை போகிறது. உருளும் உராய்வும் வளைவின் உரசலும் சேர்ந்து இன்னொரு டன் கேட்கும். ஆக 6 டன். அந்த வேகத்தில் இதைக் குதிரைத்திறனாக மாற்றினால் சக்கர விளிம்பில் சுமார் 250. இதே வண்டியைச் சமவெளியில் இழுக்க ஒரு டன் இழுவைகூடத் தேவைப்படாது.

250 குதிரைத்திறன் தரும் பாய்லரை அன்றைக்குச் செய்துவிடலாம். சிக்கல் பிடிமானத்தில். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல், தன் மேல் இருக்கும் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வழுக்காமல் இழுக்கும். ஈரமாக இருந்தால் அதைவிடக் குறைவு. 6 டன் இழுக்க வேண்டுமென்றால், பிஸ்டன் சுழற்றும் ஓட்டுச் சக்கரங்களின் மேல் குறைந்தது 36 டன், பாதுகாப்பாக 42 டன் எடை உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைய தண்டவாளமும் பாலமும் ஓர் அச்சுக்கு 12, 13 டன்னுக்கு மேல் தாங்காது என்று கொண்டால் மூன்று அச்சு பற்றாது. நான்கு வேண்டும், முடிந்தால் ஐந்து.

நான்கு அச்சுகளை ஒரே இறுக்கமான சட்டத்தில் வரிசையாக வைத்தால் எஞ்சின் நீளமாகிவிடும். 190 மீட்டர் வளைவில் முன் சக்கரம் வெளித் தண்டவாளத்தையும் நடுச் சக்கரம் உள் தண்டவாளத்தையும் அரைத்துக்கொண்டு போகும். தண்டவாளம் தேயும், சக்கர விளிம்பு தேயும், சில சமயம் தடம் புரளும். அதனால் எஞ்சினுக்கு எடை வேண்டும், அந்த எடை பல அச்சுகளில் பரவ வேண்டும், எல்லா அச்சும் இழுக்க வேண்டும், ஆனாலும் எஞ்சின் வளைய வேண்டும். போட்டிக்கு வந்த நான்கு எஞ்சின்களும் இந்த ஒரே கேள்விக்கு நான்கு விதமாகப் பதில் சொன்னவை.

நால்வர்

1851 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பாயர்பாக் அருகே முதலில் கட்டி முடித்த பாதைத் துண்டில் ஓட்டங்கள் நடந்தன. இங்கிலாந்தில் 1829-ல் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் பந்தயம் எல்லோர் நினைவிலும் இருந்திருக்கும். அங்கே 'ராக்கெட்' வென்று, அதே வழியில் உலகத்து எஞ்சின்கள் போயின. இங்கேயும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

பெல்ஜியத்து காக்கரில் தொழிற்சாலை 'செரேன்' என்ற எஞ்சினை அனுப்பியது. நடுவில் அடுப்பு, முன்னும் பின்னுமாக இரண்டு பாய்லர், கீழே தனித்தனியாகத் திரும்பும் இரண்டு போகிகள் (ரயில் பெட்டி இல்லை, சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), ஒவ்வொன்றுக்கும் சொந்த சிலிண்டர்கள். வீனர் நொய்ஷ்டாட் நகரத்தில் குந்தரின் தொழிற்சாலை தன் ஊரின் பெயரையே வைத்து ஒன்றைச் செய்தது. அதில் பாய்லர் ஒன்று. கீழே அதே போல இரண்டு ஓட்டுப் போகிகள். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே வியாதி: திரும்பும் போகிக்கு நீராவி கொண்டுபோகும் குழாயும் திரும்ப வேண்டும், அந்த மூட்டு கசியும். நீராவி அழுத்தத்தில் அசையும் மூட்டை அடைத்து வைக்கும் கலை அப்போது இன்னும் குழந்தைப் பருவத்தில் இருந்தது.

வியன்னாவில் ஜான் ஹாஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய ரயில் தொழிற்சாலையிலிருந்து 'விந்தோபோனா' வந்தது. வளைவதற்கென்று அதில் எந்த ஏற்பாடும் கிடையாது. மூன்று அச்சு எஞ்சினாகத்தான் பிறந்தது. எடை போட்டுப் பார்த்தபோது அச்சுக்கு அனுமதித்த பாரத்தை மீறியிருந்தது. கொண்டுபோய் நான்காவது அச்சு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆக, இறுக்கமான சட்டத்தில் நான்கு இணைத்த அச்சுள்ள எஞ்சின் ஐரோப்பியக் கண்டத்தில் முதன்முதலாக ஓடியது எடைத் தராசில் தோற்றதால். இந்தத் தகவலை நான் மிகவும் ரசிக்கிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

நான்காவது பவேரியா.

சங்கிலி

மாஃபை தொழிற்சாலை 1838-ல் மியூனிக் ஹிர்ஷாவில் தொடங்கியது. முதல் எஞ்சின் 'டெர் மூன்ஷ்னர்' 1841-ல் வெளிவந்தது. தொழில்நுட்பத் தலைமை ஜோசஃப் ஹால் என்ற ஆங்கிலேயர். பவேரியாவை வடிவமைத்ததும் அவர்தான்.

ஹாலின் யோசனை எளிமையானது. எஞ்சினுக்குப் பின்னால் டெண்டர் என்று ஒன்று தண்ணீரையும் எரிபொருளையும் சுமந்துகொண்டு சும்மா உருண்டு வருகிறது. எத்தனையோ டன் எடை. ஏற்றத்தில் அதையும் இழுத்துத்தான் ஆக வேண்டும். அந்த எடையையே ஓட்டுச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையாக மாற்றிவிட்டால்? டெண்டர் எஞ்சினிலிருந்து தனியான வண்டி என்பதால் வளைவில் தானாகவே திரும்பிக்கொள்ளும். எஞ்சினின் முன் சக்கரங்களையும் திரும்பும் போகியில் வைத்துவிடலாம். நடுவில் இருக்கும் முக்கிய அச்சுகளை மட்டும் சிலிண்டர் சுழற்றும். முன் போகிக்கும் பின் டெண்டருக்கும் சங்கிலி போட்டு அந்தச் சுழற்சியைக் கொண்டுபோகலாம். வளையும் நீராவிக் குழாய் வேண்டாம், கசியும் மூட்டு வேண்டாம், கூடுதல் சிலிண்டரும் வேண்டாம். எஞ்சின், டெண்டர் இரண்டிலும் உள்ள ஒவ்வொரு சக்கரமும் இழுக்கும். காகிதத்தில் நால்வரில் இதுதான் சிறந்த பதில் என்பேன்.

ஓட்டத்திலும் அப்படித்தான் வந்தது. நான்கு எஞ்சின்களும் நிபந்தனையை நிறைவேற்றின. பவேரியா முதலிடம், வீனர் நொய்ஷ்டாட் இரண்டாவது, செரேன் மூன்றாவது, விந்தோபோனா கடைசி.

இப்போது சங்கிலியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இழுவையில் மூன்றில் ஒரு பங்கு டெண்டர் சக்கரங்கள் வழியாக வருகிறது என்று வையுங்கள். சக்கர விளிம்பில் 2 டன். ஆனால் சங்கிலி ஓடும் பல்சக்கரம் ஓட்டுச் சக்கரத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும், இல்லாவிட்டால் தரையில் இடிக்கும். பல்சக்கரம் பாதி விட்டம் என்றால் சங்கிலியில் விழும் இழுவிசை இரண்டு மடங்கு, அதாவது 4 டன். இதுவும் சராசரிதான். நீராவி எஞ்சினின் தள்ளு ஒரே சீராக வராது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். போதாததற்கு முன் போகி ஈரத் தண்டவாளத்தில் ஒரு நொடி வழுக்கினால் அது சுமந்த பங்கும் மற்ற சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். திரும்பப் பிடிமானம் கிடைக்கும் அந்தக் கணத்தில் ஒரு வெடுக்கு. அந்த வெடுக்கை வாங்குவது ஒரு சில கண்ணிகள்.

அடுத்தது தேய்மானம். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஊசியைச் சுற்றித்தான் மடங்கி விரிகிறது. ஊசி ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் 60 ஊசி உள்ள சங்கிலி 30 மில்லிமீட்டர் நீண்டுவிடும். பழைய சைக்கிளில் சங்கிலி தொய்ந்து பல்லில் ஏறிக் குதிப்பது மாதிரி இங்கேயும் நடக்கும், இழுவிசை மட்டும் டன் கணக்கில். கண்ணி இடைவெளி நீளும், பல்லின் இடைவெளி நீளாது. பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் ஒன்றிரண்டு பற்களில் குவியும். எஞ்சினுக்கு அடியில் தூசியும் ஜல்லித்துகளும் சாம்பலும் பறக்கும். வழுக்காமலிருக்கத் தூவும் மணலும் சேரும். எண்ணெய் பூசிய சங்கிலிக்கு இவையெல்லாம் அரைக்கும் பொடி.

மூன்றாவது சிக்கல் வளைவிலிருந்தே வருகிறது. எந்த வளைவுக்காகப் போகியும் டெண்டரும் திரும்புகின்றனவோ, அதே திரும்பல் இரண்டு பல்சக்கரங்களையும் ஒரே கோட்டிலிருந்து விலக்குகிறது. சங்கிலி பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். கண்ணியின் ஒரு பக்கத் தகடு மட்டும் இறுகும். செம்மெரிங் முழுக்க வளைவுதான்.

நான்காவதாக ஒன்று உண்டு, சாதாரணமாக யாரும் சொல்லாதது. எல்லாச் சக்கரமும் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும்போது அவற்றின் விட்டங்கள் துல்லியமாகப் பொருந்த வேண்டும். டெண்டர் சக்கரத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் அது ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் குறைவாக உருளும். ஆனால் சங்கிலி அதை மற்றதோடு சேர்ந்தே சுழலச் சொல்லும். அந்த வித்தியாசத்தைச் சக்கரம் வழுக்கித்தான் தீர்க்க முடியும். அதுவரை அந்த விசை சங்கிலிக்குள் தேங்கி நிற்கும். வண்டியை இழுக்கும் பாரம் தனி, எஞ்சின் தன்னோடு தானே மல்லுக்கட்டும் பாரம் தனி. இணைப்புத் தண்டிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் தண்டு ஒரே துண்டு இரும்பு, ஊசி இரண்டே இரண்டு.

சரி, நல்ல எஃகில் செய்திருக்கலாமே? அந்த எஃகு இல்லை. எஃகை மலிவாக, ஏராளமாகச் செய்யும் பெஸ்ஸமரின் முறை 1856-ல்தான் வந்தது. அடித்த இரும்பில் கண்ணி, அடித்த இரும்பில் ஊசி. சங்கிலிக்குள் உறையும் உருளையும் வைத்து தேய்மானத்தைப் பரப்பும் வடிவத்துக்கு ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் காப்புரிமை வாங்கியது 1880-ல். ஹால் கேட்டது முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் உறுப்பு. போட்டியின் ஓட்டங்களை ஒப்பேற்றிய சங்கிலிகள், தொடர்ந்து ஓட்டத் தொடங்கியபோது தாங்கவில்லை; அறுந்தன.

விதி எதைக் கேட்டது

போட்டியை நடத்தியவர்கள் முட்டாள்கள் இல்லை. 40-க்கு 1 ஏற்றத்தில், 190 மீட்டர் வளைவில், பொருளாதாரமாக ஒரு கூட்ஸ் வண்டியை இழுக்க முடியுமா என்பதே அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி. பாதையின் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது. 'முடியாது' என்று பதில் வந்திருந்தால் அரசுக்கு மானக்கேடு. நான்கு எஞ்சின்களும் 'முடியும்' என்று காட்டின. அந்த அளவில் போட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. கேகாவின் பாதை பிழைத்தது.

குறை எங்கே என்றால், அதே ஓட்டங்களை வைத்து எஞ்சின் மாதிரியையும் தேர்ந்தெடுக்க முயன்றதில்தான். ஒரு மாதிரியைத் தேர்வதற்கு வேறு கேள்விகள் வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எந்த உறுப்பு தேய்கிறது? மாற்ற எத்தனை மணி நேரம்? சாதாரண லோகோ ஷெட்டில் சாதாரண ஃபிட்டரால் முடியுமா? பனிக்காலத்தில் என்ன ஆகும்? ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மலையில் நடக்கும் ஓட்டத்தில் பனி வராது. புதிதாகப் பூட்டிய சங்கிலி முதல் சில ஓட்டங்களில் அற்புதமாகத்தான் வேலை செய்யும். தேயும் உறுப்பை நம்பியிருந்த எஞ்சினுக்கே விதி சாதகமாக அமைந்துவிட்டது. இறுக்கமான நான்கு அச்சோடு வந்த விந்தோபோனாவோ வளைவில் முதல் நாளிலிருந்தே தன் குறையைக் காட்டிக்கொண்டு நின்றது.

எங்கெர்ட் என்ன செய்தார்

பரிசு கொடுத்தாயிற்று, எஞ்சின் இல்லை. கிராட்ஸில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் எங்கெர்ட் இந்த முடிச்சை எடுத்துக்கொண்டார். நான்கு எஞ்சின்களிலும் பயன்படக்கூடியது எது என்று பார்த்தார். ஹாலின் டெண்டர் யோசனை அவருக்குப் பிடித்தது. பாய்லரின் முன்பகுதி மூன்று இணைத்த அச்சுகளின் மேல் உட்காரும். பின்னால் கனமான அடுப்புப் பகுதி டெண்டரின் சட்டத்தின் மேலேயே சாயும். டெண்டர் சட்டம் அடுப்பை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு முன்னே வந்து, எஞ்சின் சட்டத்தோடு ஒரு சுழல்மூட்டில் சேரும். வளைவில் இரண்டும் மடங்கும், எடையைப் பகிர்ந்துகொள்ளும்.

சங்கிலிக்குப் பதிலாக அவர் பல்லோடு பல் நேராகக் கோத்துச் சுழலும் பற்சக்கரங்களைப் போட்டார். எஞ்சினின் கடைசி அச்சிலிருந்து டெண்டர் அச்சுக்குப் பற்சக்கர வழியாகச் சுழற்சி போக வேண்டும். இதுவும் நிற்கவில்லை. சங்கிலியை உடைத்த அதே காரணங்கள்தான்: திரும்பும் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பற்கள் நேராகக் கோத்துக்கொள்ளாது, அதிர்ச்சி முழுவதும் பல்லில் விழும். பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூன்று இணைத்த அச்சோடு மட்டும் ஓட்டினார்கள். ஹாலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. பவேரியா தோற்றதைப் பார்த்தபின் யோசித்து வடிவமைத்தவரும் அதே இடத்தில்தான் சறுக்கினார்.

ஆனாலும் எங்கெர்ட் எஞ்சின் வேலை செய்தது. தேயும் உறுப்பைக் கழற்றினாலும் மீதி நின்றது என்பதே அதன் பலம். பவேரியாவில் சங்கிலியைக் கழற்றினால் நடு அச்சுகளின் பிடிமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு மலையேற முடியாது. செரேன் ஊரிலிருந்த காக்கரில் தொழிற்சாலையும், எமில் கெஸ்லர் 1846-ல் தொடங்கிய எஸ்லிங்கன் தொழிற்சாலையும் சேர்ந்து செம்மெரிங்குக்கு 20-க்கும் மேற்பட்ட எங்கெர்ட்களைச் செய்து கொடுத்தன. கைஸ்லிங்கன் ஏற்றத்துக்குப் பக்கத்து ஊர்த் தொழிற்சாலைக்கு மலைச் சரக்கு புதிது இல்லை. 1854-ல் பாதை திறந்தது. சரக்கு முதலில், ஜூலை 17-ல் பயணிகள். பிறகு ஸ்விட்சர்லாந்து, ஃபிரான்ஸ் என்று எங்கெர்ட் மாதிரி பரவியது.

அடுத்த பத்தாண்டில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த திருப்பம். தெற்கு ரயில்வே கம்பெனி 1858-ல் பாதையை எடுத்துக்கொண்டது. அப்புறம் செம்மெரிங் எங்கெர்ட்களைப் பிரித்து, நான்காவது இணைத்த அச்சு சேர்த்து, டெண்டரைத் தனியாகக் கழற்றி விட்டார்கள். மூன்று அச்சின் பிடிமானம் சரக்குக்குப் போதவில்லை. மடங்கும் சட்டத்தைப் பராமரிப்பதும் தலைவலி. இறுக்கமான சட்டத்தில் நான்கு அச்சு, பின்னால் தனி டெண்டர். 1851-ல் கடைசி இடம் பிடித்த விந்தோபோனாவின் வடிவம்.

இதை வைத்து 'விந்தோபோனாதான் உண்மையில் வென்றது' என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 1851-ன் விந்தோபோனா வளைவுக்கு உதவாத எஞ்சின். நான்காவது அச்சு வந்ததே எடையைச் சரிக்கட்ட. நான்கு அச்சு எஞ்சின் வளைவில் சுகமாகப் போக வேண்டுமென்றால் அச்சுகளுக்குக் கொஞ்சம் பக்கவாட்டு ஆட்டம் விட வேண்டும், விளிம்பைச் செதுக்க வேண்டும், அச்சுகளை நெருக்கி வைக்க வேண்டும். ஹாஸ்வெல் இதைத் தொடர்ந்து செய்து பார்த்தார். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போன அவருடைய 'வியன்-ராப்' அந்த வரிசையில் வந்தது. பாடம் விந்தோபோனாவிலிருந்து கிடைத்தது, எஞ்சின் பிறகு கிடைத்தது.

ஜெர்மன் சமவெளி இதையெல்லாம் வெகுநாள் கண்டுகொள்ளவில்லை. பிரஷ்ய அரசு ரயில்வே மூன்று அச்சு சரக்கு எஞ்சின்களையே ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தது. நான்கு இணைத்த அச்சுள்ள ஜி 7 வகை அங்கே வந்தது 1893-ல். தேவைப்படாத ஊரில் தீர்வுக்கு மதிப்பில்லை, அவ்வளவுதான்.

மற்ற இரண்டு தோற்ற எஞ்சின்களுக்கும் வாரிசுகள் வந்தார்கள். செரேனின் இரட்டைப் பாய்லரும் திரும்பும் போகிகளும் 1864-ல் ராபர்ட் ஃபேர்லியின் காப்புரிமையில் மறுபடி தலைகாட்டின. வீனர் நொய்ஷ்டாட்டின் அமைப்பு மேயர் வகை எஞ்சின்களில் தொடர்ந்தது. பரிசு வாங்கிய சங்கிலிக்கு மட்டும் வாரிசு இல்லை.

ஆனால் ஹாலின் மூலக் கேள்வி, இழுத்துக்கொண்டு போகிற எடையெல்லாம் ஏன் பிடிமானமாக மாறக் கூடாது என்பது, மாஃபை தொழிற்சாலையை விட்டுப் போகவில்லை. அனாதோல் மாலே என்ற பொறியாளர் வகுத்த வழியில் பின் அச்சுகளை இறுக்கமான சட்டத்திலும் முன் அச்சுகளைத் திரும்பும் சட்டத்திலும் வைத்து, இரண்டுக்கும் தனி சிலிண்டர் கொடுத்து, திரும்பும் பக்கத்துக்குக் குறைந்த அழுத்த நீராவியை மட்டும் அனுப்பினால் மூட்டு கசிவது பெரிய தொல்லை இல்லை. 1890-ல் ஸ்விட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைப்பாதைக்கு மாஃபை இந்த வகையில் ஆறு அச்சு எஞ்சின் ஒன்றைச் செய்தது. 1913-ல் பவேரிய அரசு ரயில்வேக்கு ஜிடி 2x4/4 வகையை வெளியிட்டது: எட்டு அச்சு, எட்டும் ஓட்டுச் சக்கரம், 123 டன். தனி டெண்டரே கிடையாது. தண்ணீரும் நிலக்கரியும் ஓட்டுச் சக்கரங்களின் மேலேயே ஏறின. 1913, 14-ல் 15 எஞ்சின்கள், 1922, 23-ல் இன்னும் 10. கூட்ஸ் வண்டிகளுக்குப் பின்னால் நின்று பேங்கராகத் தள்ளுவதுதான் அவற்றின் வேலை, ஷீஃபே எபனே உள்பட.